படை மருத்துவரின் பொதுச்சொத்து: எட்வர்ட் பால்ஃபோரின் வாழ்வும் பணியும்



மருத்துவ வரலாற்றைத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு ஏற்ற ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் எட்வர்ட் கிரீன் பால்ஃபோர். நாற்பது ஆண்டுகள் மதராஸ் படையின் மருத்துவப் பணியில் இருந்து, கடைநிலை உதவி மருத்துவராகத் தொடங்கி, சர்ஜன் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். பணிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் படிப்படியாகப் பதவி உயர்வு பெற்ற ஓர் அதிகாரியின் கதைதான் அது. ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் நீங்கள் நுழைந்திருந்தால் அவர் தொடங்கிய இடத்தில் நின்றிருக்கிறீர்கள். வண்டலூரில் குழந்தைகளுக்குப் புலியைக் காட்டியிருந்தால், அவர் போட்ட விதையின் தொடர்ச்சியைப் பார்த்திருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் பெண் மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரோடு ஓர் உறவு உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மரம், மழை, கவிதை, கனிமம், விலங்கு, மொழி, மக்கள் வழக்கம், வாணிபப் பொருள் என்று அவருக்கு ஆர்வங்கள் பல. இத்தனை ஆர்வம் கொண்ட அதிகாரிகள் அந்தக் காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள். பால்ஃபோரிடம் நான் காணும் சிறப்பு வேறு. தனக்குப் பிடித்தது எதுவாக இருந்தாலும் அதைத் தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்காமல், நூலகமாகவும் காட்சிச்சாலையாகவும் அச்சுப் புத்தகமாகவும் கல்வி வாய்ப்பாகவும் மாற்றிப் பொதுமக்களிடம் ஒப்படைத்தார். அப்படி மாற்றும் திறனை அவருக்குத் தந்தது அவருடைய நிர்வாகப் பணியே. இதுதான் என் உரையின் மையக் கருத்து.

மாண்ட்ரோஸ் முதல் மதராஸ் வரை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் மாண்ட்ரோஸ் என்னும் துறைமுக ஊரில் 1813 செப்டம்பர் 6 அன்று பால்ஃபோர் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் பணியில் கேப்டன். தாயின் உடன்பிறந்தவர் ஜோசஃப் ஹியூம். இந்தத் தாய்மாமனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹியூமும் மாண்ட்ரோஸில் பிறந்து, கம்பெனியின் மருத்துவராக இந்தியா வந்தவர். இந்திய மொழிகளைக் கற்று, மராட்டியப் போரின்போது படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊர் திரும்பியபின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நுழைந்து, அரசு செலவழிக்கும் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டுப் பெயர் பெற்றார். மருத்துவம், மொழி, கணக்கு ஆகிய மூன்றும் மருமகனிடமும் சேர்ந்தே வந்தன. பால்ஃபோரின் அண்ணன் ஜார்ஜ், மதராஸ் பீரங்கிப் படையில் சேர்ந்து, ஷாங்காயின் முதல் பிரிட்டிஷ் கான்சலாகி, பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

எட்வர்ட் எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்று, 1833இல் அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரியின் உரிமம் பெற்றார். அக்கால எடின்பரோ மருத்துவக் கல்வியில் தாவரவியலும் வேதியியலும் இயற்கை வரலாறும் சேர்ந்தே இருந்தன. மருந்து பெரும்பாலும் செடியிலிருந்து வந்த காலம் அது. செடியை அறியாதவர் மருந்தை அறிய முடியாது. அதனால்தான் கம்பெனியின் மருத்துவர்களிலிருந்தே இந்தியத் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் அறிஞர்கள் வந்தார்கள். தாவரங்களுக்கு ராக்ஸ்பரோவும் வைட்டும், பறவைகளுக்கு ஜெர்டனும், மீன்களுக்கு ஃபிரான்சிஸ் டேயும், காடுகளுக்குக் கிளெக்ஹார்னும் எழுதினார்கள். இவர்கள் எல்லோரும் மருத்துவர்கள். அந்த மரபின் நடுவில்தான் பால்ஃபோர் நிற்கிறார்.

1834இல் அவர் கப்பல் ஏறினார். வழியில் மொரீஷியஸ் தீவில் தங்க நேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட தீவு அது. மலைச்சரிவுகள் மொட்டையாகிக் கிடந்த அந்தக் காட்சி இருபது வயதைத் தாண்டிய இளைஞரின் மனத்தில் பதிந்தது. பதினைந்து ஆண்டு கழித்து அவர் எழுதிய ஒரு கட்டுரைக்கு அதுவே வேர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

படைவீடும் எண்களும்

1836இல் அவர் மதராஸ் மருத்துவப் பணியில் உதவி மருத்துவரானார். ஐரோப்பியப் படைப்பிரிவுகளிலும் சிப்பாய்ப் படைப்பிரிவுகளிலும் மாறிமாறி வேலை. தொலைவான முகாம்களில் தனித்திருந்த நாட்களில் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். மொழி தெரிந்ததால் நாடோடிகளாக வாழ்ந்த மக்களோடு நேரில் பேச முடிந்தது. நடு இந்தியாவின் இடம்பெயர்ந்து வாழும் குழுக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1844இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது.

ஆனால் அவர் முதன்மையாகக் கவனித்தது படைவீரரின் உடல்நலத்தை. அந்தக் காலப் படை மருத்துவருக்குப் போர்க்காயம் பெரிய எதிரி அல்ல. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காலராவுமே படையைக் கரைத்தன. 1863இல் வெளியான இந்தியப் படைச் சுகாதார அரசு ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துவந்ததாகக் கணக்கிட்டது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போராடியது எல்லோரும் அறிந்த வரலாறு.

அந்த அறிக்கைக்குப் பதினெட்டு ஆண்டு முன்பே, 1845இல், பால்ஃபோர் ஒரு கட்டுரை எழுதினார். படைவீடுகளுக்கு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுப்பதால் வீரர்களின் உடல்நலத்தைக் காக்க முடியும் என்பது அதன் பொருள். ஓர் ஊரில் இருந்த படைப்பிரிவில் எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் இறந்தனர், அதே பிரிவு வேறு ஊருக்குப் போனபோது அந்த எண் எப்படி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் முறை. ஆள் மாறவில்லை, ஊர் மாறியது, சாவு எண்ணும் மாறியது. அப்படியானால் காரணத்தை ஊரில் தேட வேண்டும். 1849இல் காலராவைப் பற்றிய புள்ளிவிவர நூல் ஒன்றை மதராஸில் வெளியிட்டார். காலரா தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ தம் முதல் சிறுநூலை வெளியிட்டதும் அதே 1849இல்தான். இருவருக்கும் கிருமியைத் தெரியாது. அதைக் கண்டு காட்டிய ராபர்ட் காக் வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டு இருந்தது. கிருமியை அறியும் முன்னரே எண்ணிக்கையால் நோயை நெருங்க முடியும் என்ற நம்பிக்கையில் இருவரும் ஒரே காலத்தில் உழைத்தார்கள். 1856இல் காலரா தொடாத இந்தியப் பகுதிகள் எவை என்றும் அவர் ஆராய்ந்து எழுதினார். சிப்பாய்கள் என்னென்ன நோய்க் காரணங்களால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்று ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து, 1850இல் தனியே வெளியிட்டார்.

இந்தக் கட்டுரைகளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பதிவேட்டை ஒழுங்காக எழுதுவது, இடத்தோடு இடத்தை ஒப்பிடுவது, கேட்பவர் நம்பும்படி அச்சிட்டுக் கொடுப்பது ஆகிய மூன்றையும் அவர் மருத்துவமனையில் பழகினார். பின்னர் அவர் தொட்ட துறைகள் எல்லாவற்றிலும் இந்த மூன்றையே கையாண்டார்.

மரமும் மழையும்

1847இல் கம்பெனியின் இயக்குநர் குழு லண்டனிலிருந்து ஒரு கேள்வியை அனுப்பியது: மரங்களுக்கும் நாட்டின் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பு என்ன? மதராஸிலிருந்து போன பதில்களில் பால்ஃபோருடையது முக்கியமானது. மழையை வரவழைப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் மரங்களுக்குள்ள பங்கைப் பற்றிய அவர் குறிப்புகள் 1849இல் மதராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்தன. ஹம்போல்ட், பூசிங்கோ போன்ற ஐரோப்பிய அறிஞர்களின் ஆய்வுகளை எடுத்து, தென்னிந்திய நிலத்தோடு வைத்துப் பார்த்தார். மரம் போன மலையில் ஊற்றும் வற்றும். ஊற்று வற்றிய நிலத்தில் பஞ்சம் வரும். பஞ்சம் வந்த ஊரில் நோய் வரும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மருத்துவருடையது. அதனால்தான் ஒரு படை மருத்துவர் முதல் கண்ணியைத் தேடிக் காட்டுக்குள் போனார். 1832, 1833 ஆண்டுகளின் குண்டூர்ப் பஞ்சத்தின் நினைவு மதராஸ் மாகாணத்தில் அப்போது மங்கியிருக்கவில்லை.

மரங்கள் எந்த அளவுக்கு மழையை வரவழைக்கின்றன என்பது இன்றும் அறிவியலாளர் அளந்து பார்த்து விவாதிக்கும் பொருள். மண்ணின் ஈரத்தையும் ஊற்றையும் சரிவையும் காப்பதில் காட்டுக்குள்ள பங்கில் ஐயமில்லை. அந்த வகையில் பால்ஃபோர் சரியான திசையில்தான் பார்த்தார். இவரைப் போன்ற மருத்துவர்கள் எழுப்பிய குரலின் பயனாகவே 1856இல் மதராஸ் மாகாணத்தில் காடுகளுக்கென ஒரு காப்பாளர் அமர்த்தப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த ஹியூ கிளெக்ஹார்னும் மருத்துவரே. 1858இல் பால்ஃபோர் இந்திய மரவகைகளையும் காடுகளையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அது மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது.

சேப்பாக்கத்தில் மலர்ந்த நட்பு

1850இல் அவருக்கு வழக்கத்துக்கு மாறான ஒரு பொறுப்பு வந்தது. சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனைக்கு அரசின் முகவராகவும், கர்நாடக உதவித்தொகைகளை வழங்கும் அதிகாரியாகவும் தற்காலிகமாகப் பணியாற்றினார். பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்த மருத்துவர் என்பதால் கிடைத்த வேலை. அப்போதைய நவாப் குலாம் கௌஸ் கான் தாமே பாரசீகக் கவிஞர். கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். அதிகாரம் எல்லாம் போய், பட்டமும் கவிதையும் மட்டும் மிஞ்சியிருந்த அரண்மனை அது.

அந்த ஆண்டிலேயே பால்ஃபோர் இரண்டு காரியங்கள் செய்தார். பாரசீக, இந்துஸ்தானிக் கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்து ‘குல்தஸ்தா’ என்ற பெயரில் கல்லச்சில் வெளியிட்டார். திருவல்லிக்கேணியில் முகமதியப் பொது நூலகத்தைத் தொடங்கினார். கவிதை கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். கேட்டதை அச்சிட்டார், படிப்பவர்களுக்கு இடமும் அமைத்துக் கொடுத்தார். சென்னையின் பழைய பொது நூலகங்களுள் ஒன்றான அது இப்படித்தான் பிறந்தது.

மொழியறிவு மருத்துவத்துக்கும் உதவியது. மகப்பேற்று மருத்துவம் பற்றி டாக்டர் கான்குவெஸ்ட் எழுதிய ஆங்கில நூலை அவரே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதைத் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் மொழிபெயர்க்கச் செய்து, சொந்தச் செலவில் அச்சிட்டார். பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் மருத்துவச்சிகள் கையில் நடந்த காலம் அது. ஆங்கிலப் புத்தகம் அவர்களுக்குப் பயன்படாது என்பதை உணர்ந்த அதிகாரி அவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் டாக்டர் கிறீன் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கத் தொடங்கியதும் 1850களில்தான். 1857இல் அவர் தமிழில் வெளியிட்டதும் மகப்பேற்று நூலே. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் தமிழில் மருத்துவம் பேசும் முயற்சி ஒரே காலத்தில் தாய் சேய் நலத்தைக் கையில் எடுத்தது என்பதைத் தமிழ் மருத்துவ மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அருங்காட்சியகமும் உயிர்க்காட்சிச் சாலையும்

மதராஸ் இலக்கியக் கழகத்திடம் சுமார் 1,100 நிலவியல் மாதிரிகள் இருந்தன. அவற்றை அடிப்படையாக வைத்து அரசு 1851இல் மைய அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. கல்லூரிச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியே முதல் இடம். பொறுப்பு அதிகாரி பால்ஃபோர். முழுநேர வேலையாக அல்ல. மருத்துவப் பணியோடு சேர்த்து. மாவட்ட அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, கல், மண், தாது, விதை, பூச்சி, பாம்பு, நாணயம் என்று மாதிரிகள் கேட்டார். பொருள்கள் பெருகிக் கட்டடத்தில் இடம் போதவில்லை. 1854 டிசம்பரில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் என்ற வளாகத்துக்கு மாறியது. முன்பு ஐரோப்பியர் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய இடம், எல்லா மக்களும் வந்து பார்க்கும் இடமானது.

கல்லையும் தாதுவையும் பார்க்க மக்கள் திரண்டு வரமாட்டார்கள் என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். உயிருள்ள புலி ஒன்றையும் சிவிங்கிப்புலி ஒன்றையும் வளாகத்தில் வைத்ததும் கூட்டம் வந்தது. புலியைப் பார்க்க வந்தவர்கள் கல்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள். உடனே நவாபிடம் பேசி, அரண்மனையிலிருந்த விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் பெற்றார். 1855இல் சென்னை உயிர்க்காட்சிச் சாலை இப்படி உருவானது. 1856இல் அங்கே 300க்கு மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. பின்னர் அது மாநகராட்சியிடம் சென்று, பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்து, 1985இல் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது. சேப்பாக்கத்தில் அவர் தேடிக்கொண்ட நட்பின் பயன் இது. நவாப் 1855இல் மறைந்தார். கம்பெனி அந்தப் பட்டத்தை முடித்துவைத்தது. விலங்குகள் மட்டும் மக்கள் பார்வையில் தங்கின.

அமராவதிச் சிற்பங்களும் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் இந்த அருங்காட்சியகத்தில் இருந்தன. வால்டர் எலியட் 1845இல் தோண்டி மதராஸுக்கு அனுப்பிய கற்கள் அவை. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் புகைப்படம் எடுத்தார். அடுத்த ஆண்டு பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நாம் காணும் அந்தச் சிற்பங்கள் மதராஸில் இருந்த நிலைக்கு அந்தப் படங்களே சான்று. பதிவு என்பது எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மாகாணத் தலைநகரோடு நில்லாமல், கடலூர், உதகமண்டலம், ராஜமுந்திரி போன்ற ஊர்களிலும் சிறு அருங்காட்சியகங்கள் தோன்ற அவர் தூண்டினார். பணமும் ஆளும் இல்லாமல் அவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. 1859 வரை சென்னை அருங்காட்சியகத்தைக் கவனித்துவிட்டு விலகிய அவர், பின்னர் மைசூர்ப் பிரிவின் மருத்துவமனைகளைப் பார்வையிடும் பதவியில் பெங்களூர் சென்றபோது, அங்கே தலைமை ஆணையர் பௌரிங்கின் ஆதரவோடு 1865இல் மற்றோர் அருங்காட்சியகத்துக்கு வழி செய்தார். ஓரிடத்தில் கற்றதை மாற்றலாகிப் போன இடத்தில் நட்டு வளர்ப்பது மாற்றல் வேலையில் இருப்பவர் செய்யக்கூடிய நல்ல காரியம்.

பொருள்களிலிருந்து கலைக்களஞ்சியம்

அருங்காட்சியகத்துக்கு வந்து குவிந்த பொருள்களுக்குப் பெயர் வேண்டும். ஒரே மரத்துக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் ஒரு பெயர், இந்துஸ்தானியில் ஒரு பெயர், வணிகரிடம் ஒரு பெயர், தாவரவியலில் ஒரு பெயர். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியும், அதைத் தொடர்ந்து 1850களில் மதராஸில் நடந்த பொருட்காட்சிகளும் இந்தத் தேவையை இன்னும் கூட்டின. மதராஸ் மாகாணத்தின் இரும்புத் தாது, எஃகு, நிலக்கரி பற்றி 1855இல் அவர் ஓர் அறிக்கை தந்தார். சிறிது காலம் மதராஸ் நாணயச்சாலையில் உலோக மதிப்பீட்டு வேலையும் பார்த்தார்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகளை அகரவரிசைப்படுத்தி, 1857இல் இந்தியா, கிழக்கு ஆசியா, தெற்கு ஆசியா பற்றிய கலைக்களஞ்சியமாக மதராஸில் அச்சிட்டார். வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி மூண்ட ஆண்டில் ஒரு படை மருத்துவர் கலைக்களஞ்சியம் வெளியிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பதிப்பு 1871 முதல் 1873 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. ஓய்வு பெற்று லண்டனில் இருந்தபோதும் அதை விடவில்லை. 1885இல் மூன்று பெருந்தொகுதிகளாக மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பு. ஒரே ஆள் பொறுப்பில் அந்த அளவில் ஆசியாவைப் பற்றிய அகரவரிசை நூல் வருவது அரிது.

தலைமைப் பதவியும் பெண்கள் மருத்துவக் கல்வியும்

1858 முதல் 1861 வரை நவாப் குடும்பத்தின் கடன்களை விசாரித்த ஆணையத்தில் இருந்தபின், 1862இல் அவர் மருத்துவமனைகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். அடுத்த எட்டு ஆண்டுகள் பர்மா, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், அந்தமான், மைசூர் என்று சுற்றினார். 1871இல் சர்ஜன் ஜெனரலாக மதராஸ் மருத்துவத் துறையின் தலைமைக்கு வந்தார். பதவியின் உச்சியில் இருந்த ஐந்தாண்டில் அவர் செய்த ஒரு காரியம் மற்றவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது.

கோஷா எனப்படும் திரைமறைவு முறையில் வாழ்ந்த பெண்களும், சாதி வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பெண்களும் ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பொது மருத்துவமனைக்கும் வரமாட்டார்கள். மருத்துவம் இருந்தும் அவர்களுக்கு இல்லை. இதற்கு ஒரே வழி பெண்களை மருத்துவராக்குவது என்று 1873இல் பால்ஃபோர் மதராஸ் அரசுக்கு எடுத்துரைத்தார். சேப்பாக்கத்து வீடுகளை அருகிலிருந்து அறிந்த அனுபவமும், மகப்பேற்று நூலை நான்கு மொழியில் அச்சிட்ட அனுபவமும் இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்தன என்றே நான் கருதுகிறேன்.

அந்த நேரத்தில் உலகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். அவர் படித்த எடின்பரோவில் 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்கள். 1870இல் தேர்வெழுத வந்த அவர்களை வாயிலில் மறித்துக் கலகம் செய்தார்கள். 1873இல் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. எந்த ஆண்டில் எடின்பரோ பெண்களை வெளியே அனுப்பியதோ, அதே ஆண்டில் எடின்பரோவில் படித்த மருத்துவர் ஒருவர் மதராஸில் அவர்களை உள்ளே அழைக்கச் சொன்னார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தது. முதலில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லிப். இங்கு 1878இல் படிப்பை முடித்து, லண்டனில் மேற்படிப்பும் முடித்துத் திரும்பி வந்து, 1885இல் சாதி, கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று ஊர் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே.

திறந்த கதவு வழியே பிறகு வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள். 1878இல் கிருபாபாய் சத்தியநாதன். உடல்நலக் குறைவால் படிப்பை விட்டு, எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ். பின்னாளில் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸின் மனைவியாகவும் பெண் கல்வித் தொண்டராகவும் விளங்கியவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காததால் சென்னைக்கு வந்தவர். 1907இல் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி. 1912இல் பட்டம் பெற்று, தமிழ்ச் சமூகத்தின் திசையையே மாற்றியவர். இந்தப் பெண்களின் உறுதியும் உழைப்பும் அவர்களுடையவை. கதவைத் திறக்கச் சொல்லி எழுதிய கோப்பு பால்ஃபோருடையது.

மதிப்பீடு

பால்ஃபோர் ஒரு பேரரசின் அதிகாரி என்பதை மறந்து அவரைப் போற்ற முடியாது. அவர் தொகுத்த தாதுக் குறிப்பும் மரக் குறிப்பும் மக்களுக்கு மட்டுமின்றிக் கம்பெனியின் வருவாய்க்கும் பயன்பட்டன. நாடோடி மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய பதிவுகள் பல அந்த மக்கள் மீதான கண்காணிப்புக்கும் துணைபோயின. வைத்தியருக்கும் ஹகீமுக்கும் மருத்துவத்தில் என்ன தெரியும் என்று கேட்டு 1875இல் ஒரு நூலே எழுதினார். அந்தக் கேள்வியில் ஆட்சியாளரின் உயரம் தெரிகிறது. நம் சித்த மருத்துவர்களும் யுனானி மருத்துவர்களும் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய அறிவை அவர் உரிய மதிப்போடு அணுகினார் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு நான் வழங்கும் தீர்ப்பு இது. ஆட்சி போனது, கம்பெனி போனது, அவர் எழுதிய எண்கள் பழையனவாயின. ஆனால் அவர் பொதுவில் வைத்தவை இருக்கின்றன. நூலகமும் அருங்காட்சியகமும் உயிர்க்காட்சியும் பெண்களின் மருத்துவக் கல்வியும் யார் ஆண்டாலும் மக்களுக்கே உரியவையாக மாறிவிட்டன. ஓர் அதிகாரியின் ஓய்வுநேர ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்பதைவிட, அது எத்தனை பேருக்குத் திறந்துவிடப்பட்டது என்பதே அதன் மதிப்பு. அந்த அளவுகோலால் அளந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸில் பணியாற்றிய மருத்துவர்களுள் பால்ஃபோருக்கு முதல் வரிசையில் இடமுண்டு.

1876இல் ஓய்வு பெற்றபோது இந்து, முஸ்லிம், ஐரோப்பியர் ஆகிய மூன்று சமூகத்தாரும் அவருக்கு வழியனுப்பு மடல் அளித்தார்கள். அவர் உருவப்படம் அவர் உருவாக்கிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அவர் புறப்பட்ட ஆண்டிலேயே மதராஸைத் தாது வருடப் பஞ்சம் தாக்கியது. மரத்தையும் மழையையும் பற்றிய தம் பழைய ஆய்வை அவர் அந்த நாட்களில் மீண்டும் கையில் எடுத்தார். 1887இல் எழுபத்து நான்கு வயதை நெருங்கும்போது பயிர்ப்பூச்சிகளைப் பற்றி நூல் எழுதினார். 1889 டிசம்பர் 8 அன்று லண்டனில் காலமானார். பெண் மருத்துவர்களை ஊக்குவிப்பதற்காக 1891இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக ஒரு தங்கப்பதக்கம் நிறுவப்பட்டது. அதுவும் இன்றைய நிகழ்ச்சியைப் போல ஓர் அறக்கட்டளைதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மருத்துவ மாணவர்களே, பால்ஃபோரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் அவரைப் பற்றிய முழுமையான வரலாறு எழுதப்பட வேண்டும். அதற்கான ஆவணங்களைத் தேட நீங்கள் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அருங்காட்சியக வளாகத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. உங்களில் ஒருவராவது இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

படையிலும் அரசுப் பணியிலும் இருக்கும் மருத்துவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்களில் பறவை பார்ப்பவர்கள் உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய மருத்துவச் சுவடிகளைத் தேடிப் பாதுகாப்பவர்கள் உண்டு. மாற்றலாகிப் போன ஊர்களின் நோய்க்கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. ஓய்வு பெறும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். கல்லூரி நூலகத்திடமோ மாவட்ட அருங்காட்சியகத்திடமோ அதைச் சேர்ப்பியுங்கள். நீங்கள் எழுதியதைத் தமிழில் அச்சிடுங்கள். உங்களுக்குப் பிடித்தது ஊருக்கும் பயன்பட வேண்டும். அது உங்கள் வாழ்நாளிலேயே நடக்க வேண்டும்.